கொடிமேடையில் உட்கார்ந்த சுக்கானி

கொடிமேடைக்கு நிரந்தரமாக ஓர் ஆளை நியமித்துவிடலாம் என்று, துறைமுகத்தின் ரேவுச் சாவடிக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். தினம் ஓர் ஆள் மாறுவதால் குழப்பம் வருகிறது, ஒரே ஆள் என்றால் பொறுப்பும் ஒரே இடத்தில் நிற்கும் என்கிறீர்களாம். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஒழுங்கு எனக்கும் பிடிக்கும். வேலையை விட்ட பிறகும் மைக்கூடும் இறகும் அதனதன் இடத்தில் இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். இந்த நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு தரம் எழுந்து முற்றத்தைச் சுற்றி வந்துவிட்டேன். உட்காருவதைப் பற்றி உட்கார்ந்து எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை.

உங்களுக்கு முன்னால் அந்தச் சாவடியில் சரக்கு ஏற்றி இறக்கும் கணக்கைப் பார்த்தவன் நான். கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஏரி முகத்துவாரத்தின் மணல்திட்டைத் தாண்டித் துணிச் சிப்பங்களைக் கொண்டுபோவது நம் சலங்குகள்தான். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த அந்தப் படகுகள் அலைக்கு வளைந்து கொடுக்கும் என்றாலும், திட்டின் மேல் அலை சுருண்டு உடைகிற நேரத்தில் எந்தப் படகும் தப்பாது. கடக்கலாம் என்றால் வெள்ளைக் கொடி, கூடாது என்றால் சிவப்புக் கொடி. முகத்துவாரத்தின் எதிர்க்கரையில் நிற்கும் கொடிமேடையில் இருப்பவனுக்கு அவ்வளவுதான் வேலை. கணக்கு எழுதும் முறையெல்லாம் உங்களுக்குத் தானாகப் பழகிவிடும். நான் சொல்ல வந்தது எல்லப்பனைப் பற்றி.

எல்லப்பன் கோட்டைக்குப்பத்துச் சுக்கானி, படகின் பின்னால் நின்று சுக்கான் பிடிப்பவன். எங்கள் சலங்குகளில் முதல் சலங்கு அவனுடையது. அவன் கையைவிட அவன் வாய்க்குத்தான் பேர் அதிகம். துடுப்பு வலிப்பவர்களைத் திட்டுவான், காற்றைத் திட்டுவான், நேரில் நின்று பார்த்தவர்கள் சொல்வார்கள், அலையைக்கூடப் பேர் சொல்லித் திட்டுவான். சிப்பத்தைக் கோணலாக அடுக்கிவிட்டால் கரையில் நிற்கும் என்னையும் விடமாட்டான்.

"யோவ் மரைக்காரே! உன் வூட்டுக் கட்டிலயும் இப்பிடித்தான் ஒருச்சாய்ச்சுப் போட்டு வெச்சிருக்கியா? ராவெல்லாம் உருண்டுக்கினே இருப்ப போலக்கீதே!"

கரையே சிரிக்கும். நான் அடுக்கை மாற்றச் சொல்வேன். அவன் சொன்னது சரியாகவே இருக்கும்.

ஒரு வாடைக்காலத்தில், வெள்ளைக்காரர் கோட்டையைச் சேர்ந்த ரேவுத் துரை கப்பலிலிருந்து திரும்பும்போது திட்டின் மேல் சுக்கான் துடுப்பு முறிந்துவிட்டது. எல்லப்பன் உடைந்த கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, துரையின் காலை மிதித்து, துரையையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே படகைக் கரையில் ஏற்றினான். என்ன திட்டினான் என்று துரை என்னிடம் கேட்டார். எனக்கும் துரைக்கும் பொதுவாகத் தெரிந்தது போர்த்துக்கீசியர் விட்டுப்போன பறங்கிப் பேச்சுதான். "ஆண்டவனைக் கூப்பிட்டான்" என்று மொழிபெயர்த்தேன். மனம் நெகிழ்ந்த துரை அவனுக்குச் செய்த மரியாதைதான் அந்த இருக்கை. கொடிமேடையில் ஒரு பிரம்பு முக்காலி, தலைக்கு மேல் ஓலைப் பந்தல், ஒரு சிவப்புத் தலைப்பாகை, மாதச் சம்பளம், கோட்டையிலிருந்து அரிசி. இனிமேல் அவன் தண்ணீரில் கால் வைக்க வேண்டியதில்லை, உட்கார்ந்து பார்த்தால் போதும் என்றார் துரை.

கோட்டைக்குப்பம் கொண்டாடியது. இங்கே ஒரு வழக்கத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏரியில் மீன் படிகிற இடங்கள் சில. எல்லா வீட்டாரும் ஒரே நாளில் வலை போட்டால் யாருக்கும் பிழைப்பு இராது. அதனால் ஒவ்வொரு வீட்டின் அடையாளத்தையும் ஓலை நறுக்கில் கீறிப் பானையில் போட்டு எடுத்து, யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு உள்ளவன்தான் குப்பத்தான். அதற்கு ஒரே விதி, கை நனையாதவனுக்குப் பாடு இல்லை. உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவனின் நறுக்கு பானைக்குள் போகாது.

எல்லப்பனின் நறுக்கை வெளியே எடுத்தபோது குப்பத்துப் பெரியவர் அதை ஒரு பட்டம் கொடுப்பதுபோல் அவன் கையில் கொடுத்தார்.

"நம்ம சாதிசனத்துல உக்காந்து சோறு துன்னவன் நீ ஒர்த்தன்தான்டா. இன்னமே வலையத் தொடாத. தலப்பா கட்டினவன் கோவணத்தோட நின்னா கோட்டைக்கே அவமானம்."

அவனும் சிரித்துக்கொண்டுதான் வாங்கினான்.

முதலில் நன்றாகவே இருந்தது. மேடையிலிருந்தும் கத்துவான், படகுகளுக்குக் கேட்காது. கேட்காததால் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்துவதை விட்டான். விடியற்காலையில் ஓடம் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போகும், பொழுது சாய்ந்தால் கொண்டுவந்து விடும். சோறு மேடைக்கே வரும். வீட்டுக்கு வந்தாலும் வலை பின்னுகிற கூட்டத்தில் அவனுக்கு இடம் இல்லை. அவன் போனால் ஒருவன் எழுந்து நின்று பாயைத் தட்டிப் போட்டு உட்காரச் சொல்வான். மரியாதைதான். ஆனால் அந்த மரியாதைக்குப் பிறகு யாரும் அவனிடம் ஊசியையும் நூலையும் நீட்டவில்லை.

பிறகு அவன் பேச்சு குறைந்தது. "பெரிய மனுசன் ஆயிட்டான், சத்தமே இல்ல பாரு" என்று குப்பம் மெச்சியது. தலை வாருவதை விட்டான். தலைப்பாகைக்குள் இருப்பதால் யாருக்கும் தெரியவில்லை. மேடைக்குக் கணக்குப் பார்க்கப் போகும்போது நான் ஏதாவது கேட்பேன். பதில் வர நேரமாகும், அலை கரைக்கு வந்து திரும்பப் போகிற அளவு நேரம்.

"சாப்டியா எல்லப்பா?"

கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "இன்னாத்துக்கு?" என்றான்.

"பசிக்கலையா?"

"வாய்ல வெச்சா மண்ணு மாரி கீது."

தூக்கம் இல்லை என்றான். உடம்பெல்லாம் வலி என்றான். பாரம் சுமந்தவனுக்கு வருகிற வலி, எதையும் சுமக்காதவனுக்கு எப்படி வருகிறது என்று அவனுக்கே ஆச்சரியம். முகத்தில் ஆச்சரியம் மாதிரித் தெரிந்தது அது ஒன்றுதான்.

குப்பம் கண்ணேறு என்றது. சுற்றிப் போட்டு, கடற்காற்று படக்கூடாது, வேலையில்லாத நாளில் வீட்டுக்குள் படுத்துக் கிட என்றார்கள். கோட்டை வைத்தியர் அவன் கையில் கத்தி வைத்து இரத்தம் எடுத்தார், இருட்டறையில் படுக்கச் சொன்னார். ஆக, உட்கார்ந்து வந்த நோய்க்குப் படுக்கை மருந்தாயிற்று. சோர்ந்ததால் படுத்தான், படுத்ததால் இன்னும் சோர்ந்தான். எது முன்னால், எது பின்னால் என்று கயிற்றின் நுனியைக் கண்டுபிடிக்க முடியாத முடிச்சு அது. நானும் அவன் ஓய்வெடுப்பது நல்லதென்றே நினைத்தேன். நினைக்காதவர் யாரும் அப்போது இல்லை.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு காலை. கப்பல் ஒன்று வந்து நின்றிருந்தது. வெள்ளைக் கொடி பறந்தது, சலங்குகள் புறப்பட்டன. காற்று திடீரென்று வாடைக்குத் திரும்பியது. திட்டின் மேல் நீரின் நிறம் மாறுவதைக் கரையிலிருந்தே பார்த்தேன். இதோ சிவப்பு ஏறும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். ஏறவில்லை. முதல் சலங்கு திட்டுக்குள் நுழைந்தது. அப்போதும் வெள்ளைதான்.

படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. ஆட்கள் எல்லாரும் நீந்திக் கரையேறினார்கள். ஒருவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. சிப்பங்கள் போயின. அவர்கள் கரையேறியதைப் பார்த்துவிட்டு நான் ஓடத்தில் மேடைக்குப் போனேன். போகும் வழியெல்லாம் ஒரே எண்ணம், தூங்கியிருப்பான், அல்லது குடித்திருப்பான்.

அவன் விழித்திருந்தான். சாராய வாடை இல்லை. சிவப்புக் கொடியின் கயிறு அவன் கையிலேயே இருந்தது.

"பாக்கலையா எல்லப்பா?"

"பாத்தேன்."

"அலை மாறினது தெரியலையா?"

"உனுக்கு முன்னாலியே தெரிஞ்சுது மரைக்காரே." கயிற்றைப் பார்த்தான். "இஸ்துருக்கணும். கை எழும்பல."

அவன் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கொஞ்சம் கழித்து, "எல்லாரும் ஏறிட்டானுங்களா?" என்று கேட்டான். ஏறிவிட்டார்கள் என்றேன். "நான்தான் எறங்கணும்" என்றான், தண்ணீரைப் பார்த்து. அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. அவன் தோளைப் பிடித்து எழுப்பி ஓடத்தில் ஏற்றினேன், கரை வரும்வரை கையை விடவில்லை.

இளையவர்களே, இதுபோன்ற நேரத்தில் எல்லோரும் உங்களிடம் பதில் கேட்பார்கள், எல்லோருக்கும் அவசரமாக இருக்கும். துரை சாவடியில் கொதித்துக்கொண்டிருந்தார். கொடிமரத்தில் கட்டி அடித்து ஊரைவிட்டு விரட்ட வேண்டும் என்றார். குப்பத்துப் பெரியவர் சாவடி வாசலில் நின்று, பூசை போட்டு ஒரு மண்டலம் வீட்டுக்குள் அடைத்து வைக்கிறோம், அடிக்காதீர்கள் என்று கெஞ்சினார். இரண்டில் எது நடந்தாலும் அவன் பிழைக்கமாட்டான் என்று எனக்குப் பட்டது.

அவன் மனைவி நாகம்மா என்னைத் தனியே சாவடிப் பின்புறம் கூப்பிட்டாள். மீன் கூடையைத் தலையிலிருந்து இறக்கக்கூட இல்லை.

"அது தண்ணியவே பாத்துக்கினு கீது மரைக்காரே. பாக்கற பார்வ நல்லால்ல. வூட்டுத் துடுப்ப எடுத்துக் கூரைல சொருகி மறச்சு வெச்சுட்டேன். கட்டுமரத்துல தனியா போச்சுன்னா திரும்பாது."

"எவ்வளவு நாளா மறைச்சு வெச்சிருக்க?"

"தை மாசத்துல இருந்து. இன்னும் தேடவே இல்ல. அதான் பயமாக்கீது. ஒரு மீனவன் துடுப்ப எங்கன்னு கேக்காம இருப்பானா?"

நான் சாவடிக்குள் போகாமல் மணலில் நடந்தேன். உட்கார்ந்தால் எனக்கு யோசனை வராது. தண்ணீருக்கு விட்டால் இழந்துவிடுவோமோ என்று அவள் பயம். அது வீண் பயம் இல்லை, மேடையில் நான் கேட்டதே போதும். ஆனால் தண்ணீரை விட்டு எடுத்ததிலிருந்துதான் அவன் இப்படி ஆனான். தனியாக விடக்கூடாது, கரையிலும் விடக்கூடாது. அப்படியானால் பலர் இருக்கிற படகு. அவன் கைக்கு ஒரு துடுப்பு, முன்னும் பின்னும் ஆட்கள், ஒருவன் நிறுத்தினால் எல்லோருக்கும் தாளம் கெடுகிற வேலை. யோசித்தபோது சரியாகத் தோன்றியது. தவறாகப் போனால் அந்தப் பழி என்மேல்தான் என்பதும் தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்டுதான் உள்ளே போனேன்.

துரையிடம் சொன்னேன்: அடித்தால் ஒரு நாளில் தண்டனை முடிந்துவிடும். தலைப்பாகையைப் பறியுங்கள், சுக்கானிகூட இல்லாமல் சாதாரணத் துடுப்புக்காரனாக இறக்குங்கள், இழந்த சரக்குக்காகப் பருவம் முழுக்க வலிக்கட்டும். துரை யோசித்தார். அடியைவிடக் கடுமையான தண்டனை என்று அவருக்குத் தோன்றியது. ஒப்புக்கொண்டார்.

குப்பம் ஒப்புக்கொள்ளவில்லை. அன்று மாலையே ஏரிக்கரையில் கூட்டம் கூடியது. என்னையும் கூப்பிட்டார்கள். எல்லப்பன் ஓர் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதே தெரியாதவன் மாதிரி.

"மரைக்காரே, நீ நம்மூட்டு மனுசன்னு நெனச்சோம்," என்றார் பெரியவர். "தலப்பா கட்டின தலைய சின்னப் பசங்களோட தோணிப் பலகையில குனிய வெச்சுட்டியே? அடிச்சிருந்தாகூட ஆறிப்பூடும்."

"நோவு வந்த ஆளு," என்றான் ஒருவன். "உக்கார வெச்சுச் சோறு போடணும், அதான் மொற."

கூட்டத்தின் பின்னால் நின்றிருந்த நாகம்மா முன்னால் வந்தாள். பெண்கள் அங்கே பேசுவது வழக்கம் இல்லை. யாரோ தடுத்தார்கள்.

"இன்னா மொற? உக்கார வெச்சுத்தான் இப்பிடி ஆச்சு! இதுக்கு நோவு வந்தப்பறம் உக்கார வெச்சீங்களா, உக்கார வெச்சப்பறம் நோவு வந்துச்சா? சொல்லு நைனா!" பெரியவரை நேராகப் பார்த்தாள். "ஒரே எடத்துல ஒர்த்தனே வல போட்டா மத்தவன் செத்துடுவான்னு மீனுக்குப் பாடு வெச்சீங்க. ஒரே எடத்துல ஒர்த்தனே உக்காந்தா அவன் செத்துடுவான்னு தெரியலையே உங்களுக்கு. அதுக்கு ஒரு பாடு வெச்சீங்களாடா?"

அவள் திட்டத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அதில் ஒரு வழி தெரிந்தது. பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டார். நான்தான் எழுந்து, அதையே செய்தால் என்ன என்று கேட்டேன். கொடிமேடைக்கு நிரந்தர ஆள் வேண்டாம். சுக்கானிகள் எல்லோருடைய நறுக்கும் ஒரு பானைக்குள் போகட்டும், யார் வந்தாலும் அந்த ஒரு நாள் மட்டும் உட்காரட்டும், மறுநாள் சலங்குக்குத் திரும்பட்டும். சம்பளத்தையும் அரிசியையும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் உட்கார்ந்தவனின் கை காய்ந்துவிடாது, ஆகவே யாருடைய பாடும் போகாது.

"அப்ப எல்லப்பன் நறுக்கு?" என்றான் தோள் முறிந்தவனின் அண்ணன். நான் அஞ்சியிருந்த கேள்வி அது.

பெரியவர் ஓரத்தில் இருந்த எல்லப்பனைப் பார்த்தார். "கை நனையட்டும்," என்றார். "நனஞ்சப்பறம் போடலாம்."

இப்படித்தான் உங்களுக்குக் குழப்பமாகத் தெரிகிற அந்த முறை வந்தது. துரைக்கும் குறை இல்லை. நேற்று திட்டைக் கடந்தவன் இன்று மேடையில் இருந்தால், திட்டு எங்கே நகர்ந்திருக்கிறது என்று அவனுக்குக் கை வழியாகவே தெரிந்திருக்கும்.

எல்லப்பன் மறுநாளே எழுந்து ஓடிவிடவில்லை. முதல் நாட்களில் அவனை வீட்டிலிருந்து இரண்டு பேர் இழுத்துக்கொண்டுதான் வந்தார்கள். துடுப்பைப் பிடித்திருப்பான், வலிக்கமாட்டான். முன்னால் இருப்பவன், "இன்னா சுக்கானி, துடுப்பு காஞ்சுடும்னு தண்ணில நனச்சு வெச்சிருக்கியா?" என்று சீண்டுவான். அவன் துடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பான். அவனை நடுப்பலகையிலேயே உட்காரவைக்க வேண்டும், விளிம்பில் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு சலங்கும் திரும்பும்போது தலைகளை எண்ணுவேன். முதலில் அவன் தலையைத் தேடுவேன். அந்தப் பருவம் முழுக்க எனக்கும் சரியாகத் தூக்கம் இல்லை.

பிறகு ஒரு நாள் சோறு கேட்டான் என்று நாகம்மா சொன்னாள். இன்னொரு நாள் படகில் தூங்கிவிட்டான், எழுப்பாமல் கரை சேர்த்தார்கள். உள்ளங்கையில் புதுக் காய்ப்பு வந்தது. அதைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பான். பேச்சு மட்டும் வரவில்லை.

துடுப்பு எல்லா மனச்சோர்வுக்கும் மருந்து என்று நான் சொல்லவில்லை. வேறு காரணங்களால் சோர்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், துடுப்பு அவர்களுக்குப் போதவில்லை. எல்லப்பனுக்கும் அது பிற்பாடு சில மழைக்காலங்களில் திரும்ப வந்தது. வந்தபோது யாரும் பாய் போடவில்லை. அவன் வீட்டு வாசலில் போய், "வலிக்க ஆள் கொறையுது, எழுந்து வா" என்று கூப்பிட்டார்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: உங்கள் கீழ் வேலை செய்கிறவனுக்கு மரியாதை செய்கிறேன் என்று அவனை அசையாமல் உட்காரவைக்காதீர்கள். உட்கார்ந்தவன் சத்தம் போடுவதை நிறுத்தினால், அடங்கிவிட்டான் என்று மெச்சாதீர்கள், பக்கத்தில் போய் முகத்தைப் பாருங்கள். நீங்களும் கணக்கு எழுதுவதற்காக நாள் முழுக்க அந்தப் பலகை முன்னால் உட்காரப் போகிறவர்கள்தான். சரக்கு இறங்குகிற இடம் வரை நடந்து போய்ப் பார்த்து எழுதுங்கள்.

பருவம் முடிகிற நேரம். கடைசிச் சலங்கை ஏற்றிக்கொண்டிருந்தோம். ஆட்கள் களைத்திருந்தார்கள், நானும் அவசரத்தில் இருந்தேன். எல்லப்பன் தன் துடுப்போடு வந்து படகின் அருகே நின்றான். சிப்பங்களைப் பார்த்தான். சுற்றி வந்து மறுபக்கமும் பார்த்தான். துடுப்பை மணலில் ஊன்றினான்.

"யோவ் மரைக்காரே!"

கரையில் எல்லோரும் திரும்பினார்கள்.

"இன்னாய்யா இது அடுக்கு? கண்ணு மூஞ்சில கீதா, பொடனில கீதா? பக்கத்துல கீற தோணிரேவு வரைக்கும் ஏரில போறதுக்கே இது தாங்காது, கடல்ல வுடப் போறியா? எறக்குய்யா எல்லாத்தயும்! கணக்கு எழுதற கையிக்குச் சிப்பம் இன்னான்னு தெரியுமா?"

சாவடிக்காரனை ஒரு துடுப்புக்காரன் இப்படிப் பேசியதில் சிப்பம் தூக்கியவர்கள் அப்படியே என்னைப் பார்த்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இறக்குங்கள் என்று கையை மட்டும் அசைத்தேன். நாகம்மா கூடையோடு மணலில் நின்றிருந்தாள்.

"கேட்டியாம்மா?" என்றேன்.

"கேட்டேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் ரெண்டு திட்டட்டும். வுட்டுடாத, இன்னொரு சிப்பத்தக் கோணலா வெய்யி."

அன்று மாலை வேலை முடிந்து குப்பத்து வழியாக வந்தேன். அவர்கள் வீட்டைக் கடக்கும்போது நடையை மெதுவாக்கினேன். கூரையில் சொருகியிருந்த துடுப்பை நாகம்மா கீழே எடுத்திருந்தாள். அதன் மேல் படிந்திருந்த புகைக்கரி கழுவப்பட்டிருந்தது. எட்டி எடுக்கிற இடத்தில், வாசல் தூணில் சாத்தி வைத்திருந்தாள்.